அளம்பில், வடக்குச் சுவர்

காணி விட்ட அன்று ஜி.எஸ். ஒரு பத்திரம் தந்தார்.
வீடு ஒன்று. கிணறு ஒன்று. தென்னை பதினொன்று.
படங்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

தேங்காய் போட்டு வைத்த அறையில்
நேவிக்காரன் மேசை போட்டிருக்கிறான்;
சீமெந்தில் நான்கு கால் தடம்.
வடக்குச் சுவர் முழுக்கக் கரிப்பென்சில்.

நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு மலைபோல ஒருவன்.
தலைமயிரெல்லாம் பாம்பாய் ஒருத்தி,
பாம்புகளுக்கோ விலாங்கின் முகம்.
பாய்மரத்தோடு கட்டுண்டு நிற்கிற மாலுமி.
தாடி வைத்த கடலரசன்,
அவன் கையில்
நாங்கள் திருக்கை குத்துகிற மண்டா.

கிரேக்கரின் பழங்கதை என்றாள் ஜெனிற்றா.
மூலையில் பதவியும் திகதியும் இருந்தன.
பெயர் இருந்த இடத்தில்
பல்லி முட்டை ஒட்டியிருந்தது.

பாவம், அவனுக்கு விரல் வரைய வராது.
பாம்புக்காரியின் கைகள் முதுகுக்குப் பின்னால்.
அரசனின் ஒரு கை நுரைக்குள்,
மண்டா பிடித்த கை வாழைச் சீப்பு.
மாலுமியைக் கட்டிப்போட்டதே
இதற்காகத்தான் என்று சிரித்தோம்.

பிறகு, யன்னலுக்குக் கீழே, அவள்.
பகலில் நெய்து இரவில் பிரிப்பாளாம்,
கடலால் வராத புருசனுக்காக.
ஜெனிற்றா போனைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள்.
நான் கேட்கவில்லை.

அவளுக்குப் பத்து விரலும் இருந்தன.
வலது மோதிரவிரல்
இரண்டாம் கணுவில் உள்ளே மடிந்திருந்தது.

இரணைப்பாலையில் செல் துண்டு பட்டு
மடிந்த விரல் அது.
இப்போதும் சோறு பிசைகையில் தனியே நிற்கும்.

காணி கேட்டு நூற்று அறுபது நாள்
இந்தப் படலைக்கு வெளியே குந்தியிருந்தோம்.
சும்மா இருப்பானேன் என்று
வலையைக் கொண்டுவந்து பொத்தினோம்.
சென்ரியில் ஒருவன் தூரக்கண்ணாடியோடு நிற்பான்.
ஆள் எண்ணுகிறான் என்றே நினைத்திருந்தோம்.

சுண்ணாம்பு கரைத்தாயிற்று. வாளி வாசலில்.
மச்சாள் மரியறோஸ் இப்பவே பூசு என்கிறாள்.
ஜெனிற்றா வேண்டாம் என்கிறாள்.
மத்தியானம் மட்டும் முன்னால் நின்றேன்.
விரல் சரி. நகத்தின் வெடிப்பும் சரி.
என்னிடம் கேட்காமல் எடுத்ததற்கு
எந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பது?

முடிச்சுத்தான் பிழை.
ஒரு பாரை துள்ளினால் கழன்றுபோகும்.

எச்சில் தொட்டு அதை அழித்தேன்.
அடுப்புக் கரியால் திருப்பிப் போட்டேன்.
வாளியில் சுண்ணாம்பு
ஆடை கட்டிக்கொண்டிருந்தது.