உலர் எடை

முதல் இலை விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
மூன்றாவது ஷிப்டில்.
ஏதோ மெஷின் என்று திரும்பினேன்.
இல்லை, ரப்பர் செடி.
கையகல இலை தரையில் மல்லாந்து கிடந்தது.

காரைக்குடி, செக்காலை ரோடு, இரண்டாம் மாடி.
எங்கள் டயாலிசிஸ் அறையில் ஏழு கட்டில்.
முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடையில்
பேரம் பேசி வாங்கிய ஊறுகாய் ஜாடியோடு
செடியைக் கொண்டுவந்து வைத்தவர் டாக்டரின் மச்சினர்.
ஜாடியின் கழுத்தில் யார் வீட்டு விலாசமோ,
மூன்றெழுத்து, பாதி தேய்ந்து.

ஆளுக்கொரு நோய் சொன்னார்கள்.
ஏ.சி. காற்று என்றாள் ஜெசிந்தா. நகர்த்தினோம்.
மறுநாள் இரண்டு இலை.
வெளிச்சம் பத்தலை என்றார் கருத்தப்பாண்டி.
ஜன்னலோரம், பங்குனி வெயில். மூன்று இலை.
கண்ணு பட்டிருச்சு என்று ஒருவர் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை
ஜெசிந்தா ஜூஸ் போட்டுவிட்டாள்.

நான் படித்த விதத்தில் நான் பார்த்தேன்.
நுனி மட்டும் காய்ந்து நொறுங்கினால் தாகம்,
அல்லது உப்பு.
இது நொறுங்கவில்லை.
காப்பிக் கறையாய் நடுவில் பரவி,
சுற்றி மஞ்சள் கரை கட்டி,
விரலில் ஈரத்தோல் போல மடங்கியது.
அடி இலையில் தொடங்கி மேலே ஏறுகிறது.
இலையின் பின்புறம் பஞ்சால் துடைத்தேன்:
பூச்சியில்லை, தூசு.
மண்ணில் விரல் விட்டேன். இரண்டாம் கணு வரை குளிர்ச்சி,
ஊறிய பழந்துணி வாடை.

நோயாளிகளை நிறுக்கும் தராசில் ஜாடியை நிறுத்தேன்.
திங்கள்: பதினாலு கிலோ இருநூறு.
வியாழன்: பதினாறு கிலோ நூறு.
நான் ஊற்றியது ஒரு டம்ளர்.
மீதி?

இந்தக் கேள்வியைத் தினமும் மனிதர்களிடம் கேட்கிறேன்.
"ரெண்டு இட்லி, அரை கிளாஸ் மோர், சத்தியமா அம்புட்டுத்தான்."
தராசு வேறு சொல்லும்.

சனிக்கிழமை, மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.
மூன்றாம் கட்டில் உடையப்பன்,
புதுவயல் அரிசி மில்லில் லாரி ஓட்டியவர்.
நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அவருக்கு அளவு.
பையிலிருந்து பாட்டிலை எடுத்தார், மூடியைத் திருகினார்,
மூக்குக்குக் கீழே ஒரு நொடி வைத்திருந்தார்.
பிறகு ஜாடியில் சாய்த்தார், கடைசிச் சொட்டு வரை.
அவருக்குப் பின்னால் ஒன்றாம் கட்டில்.
அதற்கும் பின்னால்
ஐந்தாம் கட்டில் அம்மா, சின்ன எவர்சில்வர் செம்போடு.

"வீட்டுல ஊத்திக் குடுத்து விடுறாக.
வேணாம்னா மூஞ்சி சுண்டிப் போகுது.
கீழ கொட்டவும் மனசு வல்லை.
இதாச்சும் குடிக்கட்டுமேன்னு..."

ஊறுகாய் ஜாடிக்கு எதற்குத் துளை?
உள்ளே போனது வெளியேற வழியில்லாமல்
வேர் அதிலேயே நின்று அழுகுகிறது என்று
அவரிடம், அந்த அறையில்,
எந்த வாயால் சொல்ல?

ஞாயிறு கருத்தப்பாண்டியும் நானும் செடியைக் கவிழ்த்தோம்.
பாதி வேர் கறுத்து, தொட்டதும் தோல் உருவிக்கொண்டது.
கட்டுப் பிரிக்கும் கத்தரியால் வெட்டினோம்.
மிச்சம் வெள்ளை.
காலியான டயாலிசிஸ் கேனை அறுத்து,
அடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒன்பது துளை.
செம்மண், உமி, கொஞ்சம் கரி.
ஜாடி இப்போது அலமாரி மேல்,
ஒன்றுமில்லாமல், அழகாக.

சுவரில் சார்ட் ஒட்டினேன்.
பெயர்: ரப்பர். உலர் எடை: ஆறு கிலோ முந்நூறு.
இதற்குமேல் இருந்தால் தண்ணீர் கிடையாது.
உடையப்பன் படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.
இப்போது தன் எடை பார்த்த கையோடு
அதன் எடையையும் அவரே குறிக்கிறார்.
என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது.

பழுப்பேறிய இலை திரும்பப் பச்சையாகாது.
போன வாரமும் ஒன்று விழுந்தது.
உச்சியில் சிவப்பு உறைக்குள் ஏதோ இருக்கிறது,
இன்னும் பிரியவில்லை.

பாட்டில் தண்ணீர் இப்போதெல்லாம் எங்கே போகிறது என்று
நான் கேட்கவில்லை.
ஜன்னலுக்குக் கீழே, சன்ஷேடில்,
மத்தியானம் ஆனால்
காக்கைகள் குளிக்கிற சத்தம்.