பத்து கிகாபைட் க்விடோவுக்கு

லியெபாயாவில் டிராம் தடம் ஒன்றே ஒன்று.
அதில் பயணச்சீட்டு சோதிப்பது என் பகல்.
இரவில் நான் வௌவால்களின் ஆள்.

அந்தக் கருப்புப் பெட்டியைக் கட்டிக் கொடுக்கையில்
அடகுக்கடை விஸ்வால்டிஸ் கேட்டார்:
'கார்ப் பந்தயமெல்லாம் ஆடுவாயா, வெல்கா?'
'இல்லை, லினக்ஸ் ஏற்றப் போகிறேன்.'
பந்தயக் குதிரை வாங்கிச்
செக்கில் பூட்டப் போகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
சில்லறையைச் சரியாகத்தான் எண்ணிக் கொடுத்தார்.

உள்ளே ஒரு பெயர் குடியிருந்தது: க்விடோ.
மழைத் தடம், கடைசிச் சுற்று, நாலாம் இடம்,
பாதியில் நிறுத்திச் சேமித்த பந்தயம்.
எந்த மாத வட்டி கட்டாமல்
எந்த வளைவில் நின்றுபோனானோ.

வட்டு முழுவதையும் துடைத்தால்தான்
இன்னொரு இயங்குதளத்துக்கு இடம் விடும் அது.
அவன் பந்தயத்தை முதலில்
விரலளவு யுஎஸ்பியில் இறக்கி வைத்தேன்.
துடைத்தேன். பிரித்தேன். பழையபடி ஏற்றினேன்.
பத்து கிகாபைட் அவனுக்கு,
மிச்சமெல்லாம் எனக்கு.
இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கறுத்த திரையில் எழுத்துகள் சரிந்தோட
மேல் மூலையில் வந்து நின்றன
இரண்டு பெங்குவின்கள்.
இழைக்கு ஒன்று.

வாடகை வீடுதான் இதுவும்.
படம் தீட்டும் அறைக்குப் பூட்டு,
சாவி உரிமையாளரிடம்.
வேலையாட்கள் எட்டுப் பேரில்
ஒருவன் பிறவி முடக்கம், ஒருவன் வாசல் காவல்.
நினைவகம் உள்ளங்கைக் குழி;
உலாவியைத் திறந்தால் மூச்சு வாங்கும்.
ஆனால் மிச்சம் ஆறு பேர்,
அடடா, அந்த ஆறு பேர்!

கரோஸ்தாவின் பாழ்க்கோட்டையில்
செப்டம்பர்க் கடற்காற்று காதை அறுக்க
நான் பதிந்து வந்த குரல்களை,
மனிதச் செவிக்கு எட்டாத உயரத்தில் பேசுகிறவற்றை,
பத்து மடங்கு மெதுவாக்கி, பிரித்து, எண்ணி
விடியுமுன் மேசையில் வைத்துவிடுவார்கள்.
என் மடிக்கணினி என்றால்
ஒரு வாரம் முனகும்.

வசந்தத்தில் வந்தது அறிவிப்பு.
புதிய பதிப்பு. உங்கள் பாதுகாப்புக்காகவாம்.
ஏற்றால் பிற இயங்குதளம் போகும்.
ஏற்காவிட்டால் இணைய ஆட்டம் போகும்.
கீழே இரண்டு பொத்தான்கள்,
இரண்டுமே அவர்கள் எழுதியவை.
எழுந்து போய்
வலைக் கம்பியைப் பிடுங்கினேன்.
அதுதான் என் கையெழுத்து.

ஜூன் மாதம், சந்தை நிறுத்தம்.
சீட்டில்லாத ஒருவன் நீட்டிய அடையாள அட்டையில்
க்விடோ.
இந்தப் பெயரில் இவன் எனக்கு மூன்றாமவன்.
முன்னிருவர் என்னைப் பைத்தியம் என்றிருந்தார்கள்.
இருந்தும் கேட்டேன்:
'மழையில் நாலாவதாக நின்றது நீயா?'
அபராதம் எழுதும் என் பேனாவையே
வெகுநேரம் பார்த்தபடி நின்றான்.
'முன்னால் போனது ஒரு மஞ்சள் கார்' என்றான்.

மாலையில் வந்து
நாற்காலி நுனியில் மேல்கோட்டோடு உட்கார்ந்தான்.
மறுநாள் அயர்லாந்து,
காளான் பண்ணை, இரவு வேலை.
கடைசிச் சுற்றை ஆடினான்.
மஞ்சள் காரை முந்தப் பார்த்து, சறுக்கி,
புல்லில் ஏறி, ஏழாவதாக முடித்தான்.
மூக்கில் நீர் வரச் சிரித்தான்.
'அழித்துவிடுங்கள். உங்களுக்கு இடமாவது மிஞ்சும்.'

பிறகு பெங்குவின்களை எழுப்பச் சொன்னான்.
கோட்டையின் ஒரு குரலைப் போட்டுக் காட்டினேன்,
இனம் தெரியாமல்
இரண்டு வருடமாக எண்ணால் மட்டும் அழைக்கும் குரல்.
'ஈரத் தடத்தில் பிரேக்' என்றான் உடனே.
குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்.

அபராதச் சீட்டை மேசையில் மறந்துவிட்டுப் போனான்.
நானே கட்டினேன், முணுமுணுத்துக்கொண்டே.

பத்து கிகாபைட் இன்னும் அங்கேயே இருக்கிறது.
இப்போது அதில்
ஏழாம் இடம்.