ஒற்றைப்படை

ஆடியில் ஆகாது என்றார் பட்டீஸ்வரன் மாமா.
செப்டம்பர் ஒன்று பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்றார்
கேம்பேர் ஊரில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஜோஸியான்,
எனக்கு மாமியாராக வரப்போகிறவர்.
இரண்டுக்கும் நடுவே மிஞ்சியது
ஆவணியின் முதல் பதினான்கு நாள்.
அதிலும் திருவோணம் வந்து குந்திக்கொண்டது.

கொழிஞ்சாம்பாறையில் மண்டபம் கிடைத்தது.
பூ கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும்.
அத்தப்பூவுக்குப் போன மிச்சம்தான் மாலைக்கு என்று
முன்பணத்தை எண்ணும்போதே சொல்லிவிட்டார் பூக்கடைக்காரர்.

சிற்றூர் சார்பதிவாளர் அலுவலகப் பலகையில்
முப்பது நாள் ஒட்டிக் கிடக்கிறது எங்கள் நோட்டீஸ்.
மலையாளத்தில் லொயிக்கின் பெயருக்கு
ஒரு கால் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள்.
ஆட்சேபம் உள்ளவர் தெரிவிக்கலாம்.
இதுவரை ஓர் ஆடு மட்டும்
கீழ்முனையைத் தின்றிருக்கிறது.

சித்தப்பா யான் கேட்ட வைனுக்கு எதிரே
நன்னாரி சர்பத் என்று எழுதினேன்.
அடித்தேன். மறுபடி எழுதினேன்.
காலையில் இறக்கிய கள்,
புளிக்கும் முன்னால் என்றால் தப்பில்லையே கண்ணு
என்று குரலைத் தாழ்த்தினார்
ஆடியில் ஆகாது என்ற அதே மாமா.

வெள்ளைக் கவுன் என்றதும் அம்மா அடுப்பைக் குறைத்தாள்.
பக்கத்து வீட்டு லீலா சேச்சி
தன் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்:
பொன் கரைக்குள்ளே முழுக்க வெள்ளை.
"உங்க பக்கம் அது செரிங்க" என்றாள் அம்மா.
உங்க பக்கத்துக்கும் எங்க பக்கத்துக்கும் நடுவே
ஒரு கிளுவை வேலி, அதிலும் பாதி கோழி போகிற வழி.

அப்பா போய்ப் பதினோரு வருஷம்.
எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும்
அம்மாவின் இடம் சாமான் அறை.
முகூர்த்த நேரத்தில் தேங்காய் எண்ணிக்கொண்டிருப்பாள்.
கெட்டிமேளம் அவளுக்குச் சுவர் வழியாகத்தான் கேட்கும்.

ஜோஸியான் சர்க்கரை பூசிய பாதாம் கொண்டுவருகிறார்.
ஆளுக்கு ஐந்து, துணிப்பையில் முடிந்து.
ஏன் ஐந்து?
இரண்டாகப் பங்கு போட முடியாதே.
நான் சொல்லி முடிக்குமுன் அம்மா தலையாட்டினாள்:
"மொய்க்கு நூத்தியொண்ணு வெக்கற மாதிரி."
பிறகு எத்தனை கிலோ என்று கேட்டாள்.

அன்று போனில் ஜோஸியான் இன்னொன்றும் சொன்னார்:
என் மகனை நான் கைகோத்துக் கூட்டி வருவேன்,
உன்னை யார்?
முதல் பாதியை மட்டும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

மறுபாதியை ராத்திரி, கரண்ட் போன பிறகு.
"மாமாவும் அத்தையும் தாரை வாப்பாங்க.
அது பேசி முடிச்சாச்சு."
தாரை வேற அம்மா. இது வெறும் நடை.
பதில் இல்லை.
கொசுவலையை என் பக்கம் இழுத்துச் செருகினாள்.
எங்கோ எல்லைக்கு அப்பால்
விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஒரே ஒரு மில்.

காலையில் உளுந்து கழுவும்போது கேட்டாள்:
"மண்டபத்து வாசல்லருந்து மணவறைக்கு எத்தன அடி?"
போன வாரமே நடந்து எண்ணியிருந்தேன்.
நாற்பத்து நான்கு.
நாற்பத்து மூணு என்றேன்.

தண்ணீரை மூன்று தடவை வடித்தாள்.
உமி இல்லாத உளுந்தில் உமி தேடினாள்.
பிறகு, என்னைப் பார்க்காமல்,

"செருப்போடயா, வெறுங்காலோடயா?"