விளக்கை அணைத்த பிறகு

திரிக்லாவ் வடக்குச் சுவரில்
ஒற்றைக் கயிற்றில் தொங்கியபடி
ரொட்டியும் சலாமியும் தின்றவள் யெர்நேயா.
என் காலடியில் கல் பெயர்ந்தபோது
கொட்டாவி விட்டவளும் அவளே.

ஆகஸ்ட் இரவு.
குடிலுக்கு இன்னும் ஒரு மணி நடை.
நெற்றி விளக்கைப் போட்டதும்
எங்கிருந்தோ ஓர் அந்துப்பூச்சி
அவள் இமையில் மோதியது.

அப்படியோர் அலறல்.
தடியை எறிந்தாள், தொப்பியைப் பிய்த்தாள்,
தெரிந்த வசவெல்லாம் தீர்ந்த பின்
"அந்தத் தூள்... சிறகிலிருக்கும் தூள்..."
என்று கன்னத்தைத் தேய்த்தாள்.

நான் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரித்தேன்.

"அணைத்துவிடு கோராஸ்த், உன்னுடையதையும்."

அணைத்தேன்.
சுண்ணாம்புக் கற்கள் மட்டும்
பால் சிந்தினாற்போல் மங்கலாய்.
மற்றதெல்லாம் இருட்டு.
நாற்பத்தொரு வயதில்
இதை யாரிடம் சொல்வது?
கூடாரத்தில் நான் விடிய விடிய
வரைபடம் படிப்பதாக
அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் முதுகுப்பையின் வாரைப் பிடித்தேன்.
எதற்கு என்று கேட்கவில்லை.
நடையை மட்டும் குறைத்தாள்.

குடிலின் வாசல் விளக்கு தெரிந்ததும்
வாரை விட்டுவிட்டு
முன்னால் ஓடினேன்.
பின்னால் காலடி இல்லை.

விளக்கைச் சுற்றி
பொரி பொரியாய்ச் சிறகுகள்.

திரும்பி நடந்தேன்,
அவள் நிற்கும் இருட்டுக்கு.