கறுப்பு ட்யூப்

முதல் நாளே லுஹான் என் பெட்டியைத் திறந்து
கறுப்பு ட்யூபை மட்டும் எடுத்துத்
தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
"டிசம்பரில் திருப்பித் தருகிறேன்."
என் மகள் வயதுதான் இருக்கும்.

முப்பது வருஷமாக மொந்தேவிதேயோவில்,
லா தேஹா பகுதியில்,
மாட்டுக்கறி வெட்டுகிறவன் நான்.
ஆள் வராத மதியங்களில்
கறி மடிக்கும் தாளில் குதிரைகள் வரைவேன்.
ஒவ்வொரு குதிரைக்கும் கறுப்பில் ஒரு வேலி,
இல்லாவிட்டால் ஓடிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.
கறியோடு சேர்ந்து அவை வீடுவீடாகப் போயின.
சிலர் சட்டம் போட்டார்கள்.
பலர் அடுப்பு மூட்டினார்கள்.

ஐம்பத்து மூன்று வயதில் மாலைப் பள்ளி விண்ணப்பம்.
'முன்பயிற்சி' என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.
நேராகத்தான் வந்தது.

லுஹான் நடுவில் ஒரு முக்காலியை வைத்தாள்.
"முக்காலியை வரையாதீர்கள்.
கால்களுக்கு இடையே இருக்கிற காற்றை வரையுங்கள்."
காற்றை!
கிலோ என்ன விலை என்று கேட்க
வாய் வரைக்கும் வந்துவிட்டது.
பத்தொன்பது வயது ஃபியோரெலா
பபுள்கம் மென்றபடியே வரைந்து முடித்தாள்.
எனக்கு மூன்று வாரம் காற்று அகப்படவில்லை.
பேருந்தில் எதிர் இருக்கைக்காரியின்
முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் எழுந்து வேறிடம் போய் உட்கார்ந்தாள்.

ஜூன் மாதக் குளிர். ஹீட்டர் பழுது.
மாடலாக வந்தவர் ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி,
ஒரு கையைத் தூக்கி நின்றார்.
எல்லோரும் தோலை வரைந்தார்கள்.
நான்,
தோள்மூட்டில் கத்தி தடையின்றி இறங்கும் இடம் எதுவோ
அங்கே கரித்துண்டைத் திருப்பினேன்.
லுஹான் வெகுநேரம் என் பின்னால் நின்றாள்.
"இது எப்படித் தெரியும்?"
சொன்னேன்.
மாடல் கையைத் தாழ்த்திச்
சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.
குளிர்கிறதாம்.

வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே
நெல்பாவுக்கு வரைந்த குதிரை.
பதினெட்டு வருஷம் அதன் கீழே சாப்பிட்டிருக்கிறேன்.
அன்று ராத்திரிதான் கண்ணில் பட்டது,
நான்கு கால்களுக்கும் நடுவே காற்றே இல்லை.
அத்தனையும் கறுப்பு.
சுரண்டுகிற கத்தியோடு நாற்காலி மேல் ஏறினேன்.
"சூப் ஆறுகிறது," என்றாள்,
"குதிரையை விடு."
இறங்கினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.
ஆகஸ்டில் வேறொரு கறுப்பு ட்யூப் வாங்கிவிட்டேன்.
கடையில், எலும்பு வெட்டும் கத்திக்குப் பக்கத்தில் இருக்கிறது.
செவ்வாய் தவறாமல் ஈரலுக்கு வருகிற மிர்த்தா அம்மாளுக்குப்
பழைய மாதிரிக் குதிரைதான் வேண்டும்,
வேலியோடு.
வரைந்து தருகிறேன்.
வயிற்றுக்கடியில் ஒரு சாண் அளவு
திறந்தே விடுகிறேன்.
அவர் இன்னும் கவனிக்கவில்லை.