வராதவரின் பயணச்செலவு

பெர்கனில் மழை.
இது செய்தியல்ல. இந்த ஊரில்
மழை நின்றால்தான் பக்கத்து வீட்டுக்காரர்
கதவைத் தட்டிச் சொல்வார்.

நான் குன்வோர். மூன்று ஆண்டுகளாகப்
பொருளாளர், சம்பளமில்லாமல்.
எங்கள் மென்பொருள் மழைமானிகளைப் படிக்கும்:
எந்தக் கூரையில், எந்த வயலில், எத்தனை மில்லிமீட்டர்.
அதை எழுதியவர்கள் எல்லோரும்
வேலை முடிந்து, பாத்திரம் கழுவி,
பிள்ளைகள் உறங்கிய பிறகு எழுதியவர்கள்.

மே மாதச் சந்திப்பு துறைமுகத்துப் பழைய மீன்கிடங்கில்.
அனுமதி இலவசம் என்று அறிவித்தோம்,
பச்சை நிறத்தில், பெரிய எழுத்தில்.
வாசல் இலவசம்தான்.
வாசலுக்கு வருகிற வழிக்குத்தான் விலை.

ஹல்வார் டிராமில் வந்தார், பதினைந்து நிமிடம்.
அவரும் சும்மா வந்துவிடவில்லை:
ஆண்டு விடுப்பில் மூன்று நாள்,
மகளின் நீச்சல் போட்டி ஒன்று.
அதற்கு ரசீது கிடையாது. நானும் கேட்கவில்லை.

தெம்வா ம்சிஸ்கா இருப்பது மலாவியில், ம்சூசு நகரத்தில்.
பள்ளிக்கூட முற்றங்களில் நிற்கும்
நாற்பது மழைமானிகள் அவள் பொறுப்பு.
எங்கள் தேதிப் பிழைகளை
இரவு ஒரு மணிக்குத் திருத்துகிறவள்.
உதவித்தொகை கேட்டாள். ஒப்புக்கொண்டோம்;
கைதட்டவும் செய்தோம்.
விதி நான்கு: முதலில் செலவு செய்யவும்,
ஊர் திரும்பியபின் ரசீது அனுப்பவும்,
அறுபது நாளில் பணம் வரும்.
எழுதியது நான்தான்.
கடன் சொன்னால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்பது
எழுதும்போது நினைவுக்கு வரவில்லை.
என் கைப்பையில் கடனட்டை இருக்கிறது.

அவளுடைய அண்ணி கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கித் தந்தாள்.
விசா கேட்கவே இன்னொரு நாட்டுக்குப் போகவேண்டும்:
பேருந்தில் ஒரு பகல், ஒரு இரவு,
எல்லையில் ஐந்து மணி நேரம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர் கேட்டாராம்,
"சம்பளம் தராத வேலைக்கு
இத்தனை தூரம் எதற்குப் போகிறாய்?"
நல்ல கேள்வி.
என்னை யாரும் கேட்டதில்லை.

பதினேழாம் நாள் வந்த கடிதத்தில்
ஒரே ஒரு கட்டத்தில் பேனாக் குறி:
திரும்பிப் போவீர் என்பதற்குச் சான்று போதாது.

நாற்பது மழைமானிகள் போதவில்லை.

இரண்டாம் நாள் திரையில் வந்தாள்.
"கேட்கிறதா?" என்றாள், மூன்று முறை.
கேட்டது. பிறகு அங்கே மின்சாரம் போய்விட்டது.
சாம்பல் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்க
பழைய வகை உணரிகளைக் கைவிடுவதென்று தீர்மானம்.
முப்பத்தோரு கைகள் உயர்ந்தன.
என் கையும்.
அவளுடைய நாற்பதும் பழைய வகைதான் என்பது
இரவு விருந்தில், மீன்சூப்புக்கும் இனிப்புக்கும் நடுவில்
ஹல்வார் சொல்லித்தான் தெரிந்தது.
பந்திக்கு முந்தியவர்கள் நாங்கள்.
இலை போட்டதும் நாங்கள்,
எடுத்ததும் நாங்களே.

படகில் நடந்த அந்த விருந்தின் தொகை
அவளுடைய பேருந்து, விடுதி, புகைப்படம், விசாக் கட்டணம்
அத்தனையும் சேர்ந்ததைப் போல் இரண்டரை மடங்கு.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

ஜூனில் ஓர் உறை. கோபம் இல்லை,
இருந்திருந்தால் எனக்கு எளிது.
ஆறு ரசீதுகள்; ஒன்றில் மழை பட்டு மை பரவியிருந்தது.
"வராதவர்களுக்கு ஏதாவது விதி உண்டா?
இல்லாவிட்டாலும் பரவாயில்லை.
அண்ணிக்குத் தவணை பதினைந்தாம் தேதி."
பின்குறிப்பு ஹல்வாருக்கு:
பழைய உணரிகளுக்கு ஒரு திருத்தம் எழுதியிருக்கிறாள்,
நேரம் கிடைத்தால் பார்க்கவேண்டுமாம்.

விதி இரண்டு: கலந்துகொண்டவர்களுக்கு மட்டும்.

பதினான்காம் தேதி பணம் அனுப்பினேன்.
குழுவிடம் இன்னும் சொல்லவில்லை.
கணக்குப் புத்தகத்தில் தொகை இருக்கிறது,
எந்தச் செலவு என்ற இடம் காலி.
பயணம் என்று எழுதலாமா?
வரலாமா என்று கேட்கப் போன பயணம்.
ஆகஸ்டில் தணிக்கையாளர் வருவார்.

அடுத்த சந்திப்பு எங்கே என்று ஒரு தாள்
கைமாறி என்னிடம் வந்திருக்கிறது:
கோபன்ஹேகன், லியோன், மறுபடியும் பெர்கன்.
அடியில் ஹல்வாரின் கோணல் கையெழுத்தில்: ம்சூசு.
அதன் பக்கத்தில் யாரோ பென்சிலால்
"ரொம்பத் தூரம்" என்று எழுதியிருக்கிறார்.

எங்கிருந்து என்று எழுதவில்லை.