மூன்று தடவை

அம்பாசமுத்திரம் கோர்ட்டில்
பேர் கூப்பிடுவது என் வேலை.
வேப்பமரம் வரைக்கும் கேட்கணும்.

சொரிமுத்து, சொரிமுத்து, சொரிமுத்து.
பம்புசெட் மோட்டார் திருட்டு.
முதல் வாய்தாவுக்குப் பட்டன் மாற்றிப் போட்ட
சட்டையோடு ஓடி வந்தான்.
பிறகு மகளோடு. பிறகு
மகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

பிராது கொடுத்த வெயிலுகந்தானுக்கும்
கல்லிடைக்குறிச்சியில் அதே பஸ்தான்.
ரெண்டு வருஷம் முன்சீட்டும் பின்சீட்டுமாக.
அப்புறம் எவர் எவருக்கு டிக்கெட் எடுத்தாரோ,
சேர்ந்தே இறங்கினார்கள்.

ஸ்டேஷன் பின்னால் மோட்டார்
சாக்குச் சீட்டோடு துரு ஏறிக் கிடக்கிறது.
பதினாலு கார், பதினாலு பிசானம்
அது இல்லாமலே விளைந்துவிட்டது.
ஜட்ஜ் ஆறு பேர் மாறியாச்சு.
எழுதின ஏட்டையா பென்ஷனில்.
கட்டுகள் அலமாரி நிரம்பி நடைக்கு வந்ததில்
என் ஸ்டூலை மூன்று முறை தள்ளிப் போட்டேன்;
இனிமேல் படிக்கட்டுதான்.

நேற்றும் கூப்பிட்டேன்.
எழுந்தது வெயிலுகந்தான்.
"அவன் போன செவ்வா தவறிட்டான்யா."

இறப்புச் சான்றிதழுக்காக
வழக்கு தை இருபதுக்குத் தள்ளிவைப்பு.

வாசலில் செருப்பை மாட்டாமல் நின்றவர்
என்னிடம் கேட்டார்:
"அன்னைக்கும் அவன் பேரத்தான் கூப்பிடுவியளா?"